வயலில் இறங்குகிறவருக்கு ஊன ஓய்வூதியம் கிடையாதா? (இடுப்பு, மூட்டு வழக்குகள்)

கேள்வி – 5 ஜூன் 2025

அப்பா காலாட்படையில் 17 ஆண்டுகள் இருந்து 2016இல் ஓய்வு பெற்றவர். வெளியே வரும்போது மருத்துவ வாரியம் பார்த்தது. முதுகுத்தண்டின் இடுப்புப் பகுதியில், எல்4–எல்5 எலும்புகளுக்கு இடையே வட்டு விலகல், ஊனம் ஆயுளுக்கும் 20 சதவீதம் என்று எழுதியது. அதே தாளில், 'படைப்பணியால் ஏற்பட்டதும் அல்ல, படைப்பணியால் தீவிரமானதும் அல்ல' என்றும் எழுதிவிட்டது. முதல் மேல்முறையீடு 2018இல் தள்ளுபடி. அதோடு அப்பா விட்டுவிட்டார். நீடாமங்கலம் பக்கத்தில் ஆறு மா நிலம் இருக்கிறது, அவரே சாகுபடி செய்கிறார். 'வயலில் இறங்கி வேலை செய்கிறவருக்கு எந்தக் கோர்ட்டும் கொடுக்காது' என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்கிறார். உண்மையா? இனி ஏதாவது செய்ய முடியுமா?

5 ஜூன் 2025, இரவு

தம்பி, பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் நாற்று விலை கேளுங்கள், பென்ஷன் கேட்காதீர்கள்.

ஓய்வுக்குப் பிறகு உங்கள் அப்பா நாற்றுப் பறிக்கிறாரா, திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாரா என்பது இதில் கேள்வியே இல்லை. கேள்விகள் இரண்டுதான். வெளியே வந்த நாளில் ஊனம் 20 சதவீதமோ அதற்கு மேலோ இருந்ததா? அது படைப்பணியால் ஏற்பட்டதா, அல்லது படைப்பணியால் தீவிரமானதா? முதல் கேள்விக்கு வாரியமே ஆம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டது. மிச்சம் இருப்பது இரண்டாவது. அதற்கு அவர்கள் என்ன காரணம் எழுதினார்கள் என்று பார்க்க வேண்டும். அந்தக் காரணம்தான் வழக்கு. எக்ஸ்ரே அல்ல.

நானும் இதே வாசகத்தோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டவன். ராணுவத்தில் லாரி ஓட்டினேன். பிறகு ஆயுதப் படைகள் தீர்ப்பாயம் (படையினர் வழக்குகளுக்கான நீதிமன்றம்) போய் வாங்கினேன். கதையைப் பிறகு எழுதுகிறேன், இப்போது மின்சாரம் போகப் போகிறது.

6 ஜூன் 2025

முதல் வேலை: வாரிய நடவடிக்கையின் முழு நகல். ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-16 என்ற படிவம். எல்லாப் பக்கங்களும் வேண்டும். பலரிடம் கடைசிப் பக்கம் மட்டும்தான் இருக்கும், அதில் சதவீதம் மட்டும்தான் இருக்கும். அப்பாவிடம் இல்லையென்றால் அவர் பிரிவின் ரெக்கார்டு அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், போஸ்டல் ஆர்டராக எடுத்து வைக்கலாம். பதிலுக்கு 30 நாள் கெடு. வரவில்லையென்றால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். மனுவை அப்பா பெயரில், அப்பா கையெழுத்தில் அனுப்புங்கள். மகன் பெயரில் போனால் 'மூன்றாம் நபர்' என்று ஒரு வரி எழுதித் திருப்பிவிடுவார்கள்.

வாரியத் தாள்களோடு சேர்த்துக் கேட்க வேண்டியவை: படையில் சேர்ந்தபோது எடுத்த மருத்துவப் பரிசோதனைத் தாள், தாழ்ந்த மருத்துவ வகைக்கு (எல்லா வேலைக்கும் தகுதியில்லை என்ற நிலைக்கு) இறக்கிய ஆணைகள், மருத்துவமனையிலிருந்து அனுப்பிய டிஸ்சார்ஜ் குறிப்புகள், எங்கெங்கே பணி செய்தார் என்ற பட்டியல், அடிபட்டிருந்தால் காய அறிக்கையும் விசாரணை மன்ற நடவடிக்கையும்.

6 ஜூன், மாலை

எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். தஞ்சாவூரில் இன்று எடுக்கிற படம் இன்றைய முதுகைக் காட்டும். வழக்கு 2016இன் முதுகைப் பற்றியது. சதவீதத்தை உயர்த்த வேண்டும் என்றால் மறு மருத்துவ வாரியம் கேட்கலாம், தீர்ப்பாயமே சில வழக்குகளில் அப்படி உத்தரவிடுகிறது. அது தனிச் சண்டை. உங்கள் அப்பாவுக்கு 20 ஏற்கெனவே இருக்கிறது.

9 ஜூன் 2025

பாபநாசத்துக்காரர் ஒருவர் மிகச் சரியான இடத்தில் கையை வைத்திருக்கிறார். அவருடைய தாளில் வாரியம் எழுதிய காரணம்: 'சமாதான நிலையத்தில் தொடங்கியது. போர்க்களம், உயர்மலைப் பகுதி, கிளர்ச்சி ஒடுக்கும் பணி ஆகியவற்றோடு நெருங்கிய காலத் தொடர்பு இல்லை.'

சமாதான நிலையம் என்றால் களப்பணி இல்லாத முகாம். என்னுடையதிலும் இதே வரிதான். இடுப்பு, கழுத்து, முழங்கால் என்று எந்தத் தாளை எடுத்தாலும் இந்த வரியைப் பார்க்கலாம். படையில் இருந்த எவருக்கும் இதன் பொய் தெரியும். நான் லே சாலையில் ஓடிய பருவங்களில் ஜோஜி லாவைத் தாண்டி, தங்லங் லா வழியாகவும் போனவன். அது 17,000 அடிக்கு மேல். பட்டை ஸ்பிரிங்கோடு சுமை ஏற்றிய லாரி, கல்லும் பனியுமான பாதை. இருக்கையில் கம்பளியை மடித்துப் போட்டு உட்காருவோம். வலி அங்கேதான் வந்தது. ஆனால் அங்கே யார் மருத்துவரிடம் போவார்? போனால் கீழே இறக்கிவிடுவார்கள், தாழ்ந்த வகை வந்துவிடும், வரவேண்டிய பதவி உயர்வு நின்றுவிடும், கான்வாயில் என் இடத்தில் வேறொருவன் இரட்டை முறை ஓட வேண்டியிருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு இறங்குகிறோம். அடுத்த இடம் சமாதான நிலையம். பக்கத்திலேயே ராணுவ மருத்துவமனை. அங்கே போய்க் காட்டுகிறோம். தாளில் விழுகிற தேதி அந்தத் தேதி. 'சமாதான நிலையத்தில் தொடங்கியது.'

ஆகவே அந்தத் தேதிக்கு முந்தைய இரண்டு மூன்று ஆண்டுகள் எங்கே இருந்தார் என்பதை மனுவின் முதல் பத்தியிலேயே போடுங்கள். வாரியப் படிவத்திலேயே ஒரு பட்டியல் இருக்கும்: எந்த ஊர், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, களமா சமாதானமா என்று. அதை எழுத்தர் நிரப்பி நம்மிடம் கையெழுத்து வாங்கியிருப்பார். எடுத்துப் பாருங்கள். களப்பணி செய்த இடத்தைச் சமாதானம் என்று போட்டிருந்தால் சர்வீஸ் ஏட்டோடு ஒப்பிட்டுத் திருத்தச் சொல்லுங்கள்.

12 ஜூன் 2025

இன்று மேட்டூர் திறந்துவிட்டார்கள். கல்லணைக்குத் தண்ணீர் வந்து, வெண்ணாற்றில் பிரிந்து நம்மூர் வாய்க்காலுக்கு வருவதற்குள் நான் சட்டத்தை எழுதிவிடுகிறேன்.

ஊன ஓய்வூதியம் யாருக்கு உண்டு என்று சொல்கிற 1982ஆம் ஆண்டு உரிமை விதிகள் என்று ஒன்று உண்டு. அதில் 5ஆம் விதி: சேரும்போது குறிப்பிட்டு எழுதப்பட்ட குறை தவிர, மற்றபடி உடல் நலமாக இருந்தவர் என்று கொள்ள வேண்டும். 9ஆம் விதி: தகுதியை நிரூபிக்கும் சுமை கேட்பவர் தலையில் இல்லை, சந்தேகத்தின் பலன் அவருக்கே. 14ஆம் விதி: சேரும்போது பரிசோதனையில் கண்டுபிடித்திருக்கவே முடியாத நோய் என்று மருத்துவர்கள் சொல்வதானால் அதற்குக் காரணம் எழுத வேண்டும். இவற்றை வரிசையாக வைத்து உச்ச நீதிமன்றம் 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அவருக்கு இருந்தது வலிப்பு நோய், முதுகு அல்ல. ஆனால் தர்க்கம் எல்லா நோய்க்கும் ஒன்றுதான்: சேரும்போது எடுத்த தாளில் குறை இல்லை, வெளியே வரும்போது இருக்கிறது, இடையில் இருந்தது உங்களிடம்தான், அப்படியானால் பணிக்குத் தொடர்பில்லை என்று காட்ட வேண்டியது நீங்கள். வெறுமனே 'அல்ல, அல்ல' என்று எழுதினால் போதாது.

2014இல் சுக்விந்தர் சிங் தீர்ப்பு வந்தது. நோய் காரணமாகப் பாதியில் வெளியேற்றப்பட்டவர் என்றால் அவருடைய ஊனத்தை 20 சதவீதத்துக்குக் குறைவாகக் கொள்ளக் கூடாது என்றது. தாழ்ந்த வகையில் இருந்தவருக்குக் கொடுக்க இலகுவான வேலை இல்லை என்று அனுப்பியிருந்தாலும் 1982 விதிகளின்படி அது நோயால் வெளியேற்றியதற்குச் சமம்.

13 ஜூன் 2025

இரவெல்லாம் யோசித்தேன். மேலே எழுதியதைப் படித்துவிட்டு யாரும் 'தரம்வீர் சிங் இருக்கிறார், போதும்' என்று தூங்கிவிடக் கூடாது. 2008இல் புது விதிகள் வந்தன. நீடாமங்கலம் தம்பியின் அப்பா 2016இல் வந்தவர், ஆகவே அவருக்கு அவைதான். நோய் பணிக்காலத்தில் வெளிப்பட்டது என்பதாலேயே பணியால் வந்தது ஆகிவிடாது என்று அவை சொல்கின்றன. சேரும்போது நலமாக இருந்தார் என்ற அனுமானத்தை இயந்திரம்போல் எல்லா நோய்க்கும் பொருத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019இல் ஒரு மனநோய் வழக்கில் சொல்லியிருக்கிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இதைக் கையில் வைத்துக்கொண்டுதான் எழுந்திருப்பார்.

முதுகிலும் மூட்டிலும் நமக்கு ஒரு வசதி உண்டு. மனநோய்போல் அல்ல, காரணம் கண்ணுக்குத் தெரியும். முதுகுச்சுமையோடு மலை ஏறியவர், பீரங்கி தள்ளியவர், பாராசூட்டில் குதித்தவர், லாரி ஓட்டியவர். என்ன வேலை செய்தார் என்று எழுதுங்கள். காலாட்படை என்று ஒரு சொல்லில் முடித்துவிடாதீர்கள். எந்த ஆயுதப் பிரிவு, என்ன எடை, எந்த மலை என்று எழுதுங்கள். வாரியம் அதைப் பரிசீலித்த அடையாளமே தாளில் இல்லை என்று காட்டுவதுதான் உங்கள் பலம்.

'தேய்மானம், வயதால் வருவது' என்று எழுதியிருந்தால் அப்போது அப்பாவின் வயது என்ன என்று கேளுங்கள். 18இல் சேர்ந்து 35இல் வெளியே வருகிற மனிதனுக்கு என்ன வயது தேய்மானம்?

15 ஜூன் 2025

'அண்ணே, எனக்கு 15–19 சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள். இது 20 ஆகாதா?' என்கிறார் திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒருவர்.

நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் மூட்டையை ஒதுக்குகிற மாதிரிதான் இதுவும். கருவி காட்டுகிற எண்ணுக்கு முன்னால் உழைப்பு பேசாது. முழுப் பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவருக்கு 20க்குக் கீழே இருந்தால் ஊனப் பங்கு (ஊனத்துக்காக ஓய்வூதியத்தில் சேர்கிற தொகை) இல்லை. நோயால் வெளியேற்றப்பட்டவர் என்றால் மேலே சொன்ன 2014 தீர்ப்பு உங்களுக்கு இருக்கிறது. நீங்கள் எந்த வகை என்று டிஸ்சார்ஜ் புத்தகத்தில் வெளியேற்றக் காரணத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

19 ஜூன் 2025

பணம் எவ்வளவு என்று கேட்காமல் யாரும் இருக்க மாட்டார்கள், எழுதுகிறேன்.

ஊனப் பங்கு என்பது 100 சதவீத ஊனத்துக்குக் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 30 சதவீதம். கணக்குக்காக அந்தச் சம்பளம் 40,000 ரூபாய் என்று வையுங்கள். 100 சதவீதத்துக்கு 12,000. 20 சதவீதத்துக்கு 2,400. ஆனால் 20ஐ 20 ஆகவே விடுவதில்லை. 50க்குக் கீழே இருந்தால் 50 ஆகவும், 50 முதல் 75 வரை 75 ஆகவும், அதற்கு மேல் 100 ஆகவும் உயர்த்துகிறார்கள். ஆகவே 2,400 அல்ல, 6,000. அதன்மேல் அகவிலை நிவாரணம். இந்த உயர்த்தல் நோயால் வெளியேறியவர்களுக்கு மட்டும்தான் என்று பல ஆண்டுகள் பிடிவாதம் பிடித்தார்கள். முழுக்காலம் முடித்தவருக்கும் உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் முடித்து வைத்தது. விருப்ப ஓய்வில் வந்தவர்களுக்கும் 1.1.2006 முதல் ஊனப் பங்கு உண்டு.

முன்பே ஊனப் பங்கு வாங்கிக்கொண்டிருந்து, ஆனால் 20க்கே வாங்குகிறவர்கள் நம் மாவட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள். ஓய்வூதிய ஆணையை எடுத்துப் பாருங்கள். அங்கே நோய்க்கும் பணிக்கும் தொடர்பு உண்டா என்ற சண்டையே இல்லை, உயர்த்தல் மட்டும்தான் பாக்கி.

20 ஜூன் 2025

இடுப்புக்கு 20, முழங்காலுக்கு 20, மொத்தம் 40 தானே என்று கேள்வி. அப்படியே கூட்டிவிட மாட்டார்கள், ஒட்டுமொத்த ஊனம் என்று வாரியம் தனியாகக் கணக்கிட்டு எழுதும். இங்கே எதற்கு அந்த மூளைக் குழப்பம்? எப்படிக் கணக்கிட்டாலும் 50க்குக் கீழே, எப்படி உயர்த்தினாலும் 50. கவலைப்பட வேண்டியது வேறு: முழங்காலை ஏற்று இடுப்பை மறுத்திருந்தால் ஏற்ற நோயின் சதவீதம் தனியாக நின்று 20ஐ எட்டுகிறதா என்று பாருங்கள்.

2 ஜூலை 2025

நடவு இயந்திரம் கிடைக்காமல் வரிசையில் காத்திருந்ததில் இந்தப் பக்கம் வர முடியவில்லை.

காலக்கெடு. தம்பி இதைத்தான் முதலில் கேட்டார், நான் இழுத்துவிட்டேன். இறுதி உத்தரவு வந்து ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயம் போக வேண்டும் என்பது ஆயுதப் படைகள் தீர்ப்பாயச் சட்டம் 2007இன் 22ஆம் பிரிவு. அப்பாவுக்கு அந்தக் கெடு எப்போதோ தாண்டிவிட்டது. ஆனால் ஓய்வூதியம் மாதா மாதம் வரவேண்டியது, வராத ஒவ்வொரு மாதமும் புதிய பாதிப்பு. ஆகவே தாமதத்தை மன்னிக்கிறார்கள். அதற்கு விலை உண்டு: 2008இல் தர்செம் சிங் தீர்ப்பின்படி பெரும்பாலும் மனுப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டு நிலுவை மட்டும்தான். 2016 முதல் 2022 வரை போனது போனதுதான். அடுத்த பொங்கலுக்குப் பார்க்கலாம் என்று தள்ளினால் இன்னும் கொஞ்சம் போகும்.

இரண்டாம் மேல்முறையீடு போடாமல் நேரே தீர்ப்பாயம் போகலாமா? இருக்கிற வழிகளை முடித்துவிட்டு வா என்பதுதான் சட்டத்தின் இயல்பான எதிர்பார்ப்பு. ஆகவே ஒப்புகை கிடைக்கிற தபாலில் இரண்டாம் மேல்முறையீட்டை அனுப்பி, ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். 'காலம் கடந்தது' என்று திருப்பினால் அந்தக் கடிதமே உங்களுக்குப் பயன்படும். பதிலே இல்லாமல் ஆறு மாதம் போனாலும் வாசல் திறந்துதான் இருக்கும்.

இன்னொன்று, இது அப்பாவைவிட மூத்தவர்களுக்கு. நிரூபிக்கும் சுமை கேட்பவர்மேல் இல்லை என்ற சலுகைக்கு 2008 விதிகளில் ஒரு வால் இருக்கிறது. வெளியே வந்து 15 ஆண்டுகளுக்குப் பிறகு, ஆவணங்கள் அழிக்கப்பட்ட நிலையில் கேட்டால், சுமை நம் தலைக்கு மாறும். டிரங்குப் பெட்டியில் கரையான் அரிக்கிற தாள்களை இன்றே வெளியே எடுங்கள்.

3 ஜூலை 2025

தரகர்கள் பற்றி. 'முன்பணம் வேண்டாம், நிலுவை வந்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு' என்று மன்னார்குடி பேருந்து நிலையம்வரை வந்து ஆள் பிடிக்கிறார்கள். வழக்கின் முடிவைப் பொறுத்துப் பங்கு பேசுவது வழக்கறிஞருக்குத் தடை செய்யப்பட்டது, இந்திய வழக்கறிஞர் மன்ற விதியிலேயே இருக்கிறது. என்னிடமும் ஒருவர் பேசிப் பார்த்தார். நான் வெற்றுக் காசோலை கொடுக்காததால் கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

வழக்கறிஞர் இல்லாமல் தானே வாதாடலாமா என்றால், சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் நான் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். ஓட்டுநராக இருந்தவனுக்கு நீதிமன்ற நடை வராது. பேசிய கட்டணத்துக்கு, ரசீது கொடுக்கிறவரைப் பாருங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும், சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலும் முதலில் கேட்டுவிடுங்கள்.

11 ஜூலை 2025

ஓர் அன்பர் கொதித்திருக்கிறார்: 'நடக்கிறவன், பைக் ஓட்டுகிறவன், வங்கி வாசலில் காவல் நிற்கிறவன் எல்லோரும் ஊன ஓய்வூதியம் வாங்குகிறார்கள். இது மோசடி அல்லவா?'

கேள்வியில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஓய்வு நெருங்கும்போது ரத்த அழுத்தம் கண்டுபிடித்துக்கொண்டு வரி விலக்கோடு வெளியேறிய பெரிய தலைகளை நானும் பார்த்திருக்கிறேன். ஊனப் பங்கு வாங்கும் விகிதம் ஜவான்களைவிட அதிகாரிகளிடம்தான் அதிகம் என்று தணிக்கை அறிக்கையே சொன்னது. அதன் பிறகுதான் 2023 செப்டம்பரில் புதிய விதிகள் வந்தன. 21.9.2023 முதல் ஓய்வு பெறுகிறவர்களுக்குப் பெயரே வேறு: இம்பேர்மென்ட் ரிலீஃப் (குறைபாட்டு நிவாரணம்). அந்தத் தேதிக்குப் பிறகு வந்தவர்கள் நான் மேலே எழுதிய கணக்கைத் தங்களுக்குப் பொருத்திக்கொள்ள வேண்டாம்.

ஆனால் வங்கி வாசலில் நிற்கிறவரை மோசடிக்காரர் என்பது எனக்குப் பொறுக்கவில்லை. அவர் ஏன் நிற்கிறார்? 35 வயதில் வெளியே வந்தார். பெண் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். துப்பாக்கி பிடிக்கத் தெரியும், வேறு தொழில் தெரியாது. முழங்காலில் நீர் கோத்துக்கொண்டுதான் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறார். மறுவேலை கிடைத்தால் ஊனப் பங்கு நின்றுவிடும் என்ற விதி கிடையாது. அது கூலி இழப்புக்குக் கொடுப்பதல்ல, உடலில் அங்கே விட்டுவந்த பகுதிக்குக் கொடுப்பது. வயலும் அப்படித்தான். குனிந்து நட முடியாமல் ஆள் வைத்து நடுகிறார் என்பது பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. வரப்பில் நிற்பது மட்டும்தான் தெரியும்.

24 ஜூலை 2025

விடுமுறையில் வந்தபோது ஒரத்தநாடு சாலையில் பைக் விபத்து, முழங்கால் தசைநார் கிழிந்தது, இதற்குக் கிடைக்குமா என்று ஒருவர் கேட்டிருந்தார். சொல்வதற்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. விடுமுறையில் இருந்தாலும் பணியில் இருப்பதாகவே கணக்கு என்று நினைத்துப் பலர் போகிறார்கள். ஆனால் விபத்துக்கும் பணிக்கும் ஏதாவது காரணத் தொடர்பு வேண்டும். விடுமுறையில் ஸ்கூட்டர் விபத்தில் காயமடைந்தவருக்கு இல்லை என்று 2011இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பணியிடத்துக்குத் திரும்பும் பயணத்தில், ரயில் ஏறப் போகும்போது நடந்ததா? அப்படியானால் பயண வாரண்டையும் விடுமுறைச் சான்றையும் காட்டுங்கள், பேசலாம். மாமியார் வீட்டுக் காதுகுத்துக்குப் போகும்போது என்றால் பணத்தை வீணாக்காதீர்கள்.

25 ஜூலை 2025

காதுகுத்து என்று எழுதியதற்கு இவ்வளவு கோபமா! அவர் நிஜமாகவே காதுகுத்துக்குத்தான் போனாராம். எனக்கு எப்படித் தெரியும்?

17 ஆகஸ்ட் 2025

ஆங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் பற்றிக் கேட்ட பையனுக்கு. முதுகெலும்புகள் ஒன்றோடொன்று இறுகுகிற நோய், இளவயதில் வரும். மரபணுவில் இருக்கிறது என்பதால் 'உடல்வாகு நோய்' என்று எழுதித் தள்ளிவிடுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது: சேரும்போது கண்டுபிடித்திருக்க முடியாது என்பதற்கு என்ன காரணம் எழுதினார்கள்? பணியால் தீவிரமாகவில்லை என்று எதை வைத்துச் சொன்னார்கள்? 'ஏற்பட்டது' என்பதில் தோற்றாலும் 'தீவிரமானது' என்பதில் ஜெயிக்கலாம், இரண்டில் ஒன்று போதும். எலும்பை முறுக்குகிற குளிரில் உங்களைக் காவலில் நிறுத்தியிருந்தால் அந்தத் தேதிகள் எல்லாம் வேண்டும். பாதியில் அனுப்பப்பட்டவர் நீங்கள், ஆகவே முழுக்காலம் முடித்து வந்த நம்மூர்க் கிழவர்களைவிட உங்களுக்குச் சட்டம் சாதகம்.

28 செப்டம்பர் 2025

என் வழக்கு எப்படி முடிந்தது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

சுவாரசியமே இல்லை. மன்னை எக்ஸ்பிரஸில் இரவு ஏறிக் காலையில் சென்னை. பல நாட்கள் வழக்கு எண்ணை வாசிப்பார்கள், அரசுத் தரப்பு அவகாசம் கேட்கும், ஊர் திரும்புவேன். வழக்கறிஞர் பேசியது மொத்தத்தில் ஒரு டீ ஆறுகிற நேரம். நான் லாரியைப் பற்றி நிறைய எழுதிக் கொடுத்திருந்தேன், கல்லும் பனியும் என்று. அதையெல்லாம் நீதிபதி பார்த்தாரா தெரியாது. பார்த்தது மூன்று தாள்: சேரும்போது எந்தக் குறையும் இல்லை என்ற பரிசோதனைத் தாள், நான் எங்கே ஓடினேன் என்ற பட்டியல், வாரியம் எழுதிய அந்த ஒற்றை வரி. 'இதற்கு மேல் காரணம் ஏதாவது எழுதியிருக்கிறார்களா?' என்று கேட்டார். எதிர்த்தரப்பில் பக்கங்களைப் புரட்டினார்கள். இல்லை. ஊனப் பங்கு, 50க்கு உயர்த்தி, மூன்று ஆண்டு நிலுவையோடு.

30 செப்டம்பர் 2025

உத்தரவு வந்தால் மறுநாள் பணம் வந்துவிடும் என்று யாரும் டிராக்டருக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். குறித்த காலத்தில் கொடுக்கவில்லையென்றால் வட்டி என்று உத்தரவில் போட்டிருப்பார்கள். அந்தக் காலம் முடிந்தபின்னும் வராமல் இருக்கும். அப்போது உத்தரவை நிறைவேற்றக் கோரி அதே தீர்ப்பாயத்தில் தனி மனுப் போட வேண்டும். இடையில் அரசு உயர் நீதிமன்றம் போகவும் வாய்ப்பு உண்டு. தீர்ப்பாய உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போட வழி உண்டு என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு அரசும் அதைப் பயன்படுத்திக்கொள்கிறது. நாம் தோற்றாலும் அதே வழி நமக்கும் இருக்கிறது.

பணம் வரும்போது திருத்திய ஓய்வூதிய ஆணை ஸ்பர்ஷ் என்ற பாதுகாப்புத் துறை ஓய்வூதிய இணையதளத்தில் ஏறும். சதவீதம் 20 என்று இருக்கிறதா 50 என்று இருக்கிறதா, தொடங்கும் தேதி என்ன, இரண்டையும் அன்றே பாருங்கள். தளத்தில் நுழையத் தெரியாவிட்டால் பேரனை உட்கார வையுங்கள், ஆனால் கடவுச்சொல்லை இணைய மையத்துக்காரரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

21 அக்டோபர் 2025

மழை. குறுவை நெல் சாலையோரம் குவிந்து கிடக்கிறது, முளைவிடத் தொடங்கிவிட்டது. எழுத மனமில்லை. கும்பகோணம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எழுதிய கடிதத்துக்காக வந்தேன்.

அவர் கணவர் மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா, வழக்கு அவரோடு முடிந்துவிடாது. அவர் உயிரோடு இருந்த காலத்துக்கு வந்திருக்க வேண்டிய ஊனப் பங்கை வாரிசாக நீங்கள் கேட்கலாம். வழக்கில் உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, ஓய்வூதிய ஆணையில் உங்கள் பெயர் இருக்கிற பக்கம், இந்த மூன்றும் வேண்டும். ஆனால் ஊனப் பங்கு அவர் இறந்த நாளோடு நிற்கும். அதற்குப் பிறகு உங்களுக்கு வருவது குடும்ப ஓய்வூதியம். இரண்டையும் குழப்பிச் சொல்லி உங்களிடம் யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

6 நவம்பர் 2025

நீடாமங்கலம் தம்பியின் அப்பாவுக்கு வாரியத் தாள் வந்துவிட்டது, படத்தை எனக்கு அனுப்பியிருக்கிறார். காரணம் எழுத வேண்டிய கட்டத்தில் ஒரே வரி. எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது பணியிடப் பட்டியலில் இருக்கிறது: நோய் தொடங்கியதாக எழுதிய தேதிக்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் காஷ்மீரில் கிளர்ச்சி ஒடுக்கும் படையான ராஷ்டிரிய ரைஃபிள்ஸ், எதிரே 'களம்' என்று அவர்களே குறித்திருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டே 'தொடர்பு இல்லை' என்றும் எழுதியிருக்கிறார்கள்.

தம்பி, இரண்டாம் மேல்முறையீட்டில் அந்தப் பட்டியலின் வரிசை எண்ணைக் குறிப்பிடுங்கள். தபால் ஒப்புகை வந்ததா என்று எழுதுங்கள். அப்பாவின் பெயர் சேர்ப்புத் தாளில் ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் இருக்கிறது, அதை இப்போதே சரி செய்துவிடுங்கள். ஜெயித்த பிறகு அந்த ஓர் எழுத்துக்காகப் பணம் நிற்கும்.